ஆக்ஸ், வேவ், லைட்ஹவுஸ்: பார்வையற்ற ஒரு டெஸ்டரின் மதிப்பீடு

ஒரு இணையதளத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா (இதைத்தான் அணுகல்தன்மை என்பார்கள்) என்று தானாகச் சோதிக்கும் கருவிகள் இவை மூன்றும். முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம். ஆக்ஸ் நல்ல கருவி, நிறுவிக்கொள்ளுங்கள். இப்போதுதான் கற்றுக்கொள்கிறவர்களுக்கு வேவ் இன்னும் நல்லது. லைட்ஹவுஸும் மோசமில்லை, ஆனால் அது தருகிற மதிப்பெண்ணை மேலாளர் கண்ணில் காட்டாதீர்கள். 'ஒரே வரி நிரல் போடுங்கள், உங்கள் தளம் எல்லோருக்கும் ஏற்றதாகிவிடும்' என்று சொல்லும் விட்ஜெட்டுகள் இருக்கின்றனவே, அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

இனி நிதானமாகப் படிக்கிறவர்களுக்கு.

இணையதளங்களின் அணுகல்தன்மையைச் சோதிப்பது என் வேலை. எனக்குப் பார்வை கிடையாது. அதனால் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் எனக்கு வேலைக் கருவி மட்டுமில்லை. கணக்கு பார்ப்பது, சாமான் வாங்குவது, செய்தி படிப்பது எல்லாம் என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் வழியாகத்தான். இந்தத் தானியங்கிக் கருவிகளை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கும் வாய்ப்பு அதனால் கிடைத்திருக்கிறது. பகலில் நானே அவற்றை ஓட்டி ரிப்போர்ட் எழுதுகிறேன். ராத்திரி அவை பாஸ் போட்ட தளங்களில் எதையாவது வாங்கப் போய் நடுவழியில் நிற்கிறேன். இரண்டு அனுபவமும் சேர்ந்ததுதான் இந்த மதிப்பீடு.

கருவிகள் செய்வது எளிமையான விஷயம். உலாவியில் திறந்திருக்கும் பக்கத்தின் கட்டமைப்பை எடுத்துக்கொண்டு விதி விதியாக ஓட்டிப் பார்க்கும். படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் ஆல்ட் விவரம் இருக்கிறதா, படிவத்தில் பெட்டி எதற்கென்று சொல்லும் லேபிள் இருக்கிறதா, பொத்தானுக்குப் பெயர் இருக்கிறதா, பக்கம் எந்த மொழி என்று குறித்திருக்கிறதா, எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5:1 வருகிறதா. சில விநாடிகளில் முடிந்துவிடும். நிற வேறுபாட்டை என்னால் வேறு எப்படியும் சோதிக்க முடியாது; அந்த ஒரு விஷயத்தில் ஆக்ஸ்தான் எனக்குக் கண். நூற்றுக்கணக்கான பக்கங்களில் லேபிள் இல்லாத பெட்டிகளைத் தேடி ஒவ்வொன்றாக டேப் அடித்துக்கொண்டிருப்பதும் மனிதன் செய்ய வேண்டிய வேலையில்லை.

அடிப்படைப் பிழைகள் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. வேவ் கருவியை உருவாக்கிய வெப்எய்ம், யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமைப்பு. 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைக் கருவியில் ஓட்டி முடிவை வெளியிடுகிறார்கள். 2025ல் 94.8 சதவீதப் பக்கங்களில் ஏதாவது ஒரு பிழை சிக்கியது. சிக்கிய பிழைகளில் 96 சதவீதம் ஆறே வகை: மங்கலான எழுத்து, ஆல்ட் இல்லாத படம், லேபிள் இல்லாத பெட்டி, வெற்று இணைப்பு, வெற்றுப் பொத்தான், மொழி குறிக்காத பக்கம். இந்த ஆறையும் இலவசக் கருவியே விரல்விட்டுக் காட்டிவிடும். அதைக்கூட ஓட்டிப் பார்க்காமல்தான் பெரும்பாலான தளங்கள் வெளியே வருகின்றன. ஆகவே கீழே நான் குறை சொல்வதைக் காரணம் காட்டி யாரும் கருவியை ஓட்டாமல் இருந்துவிட வேண்டாம்.

சரி, கருவிகளுக்குள் வருவோம். ஆக்ஸ், டீக்யூ என்ற நிறுவனத்துடையது. அதன் இயந்திரமான ஆக்ஸ்-கோர் 2015 முதல் திறந்த மூலத்தில் கிடைக்கிறது. கூகுளின் லைட்ஹவுஸும் அணுகல்தன்மைக்கு உள்ளே ஓட்டுவது இதே ஆக்ஸ்-கோரைத்தான், அதுவும் அதன் விதிகளில் ஒரு பகுதியை. இது பலருக்குத் தெரிவதில்லை. 'இரண்டு கருவியிலும் பார்த்தாயிற்று, இரண்டிலும் பாஸ்' என்று டெவலப்பர் பெருமையாகச் சொல்வார். இரண்டு வைத்தியர்களைப் பார்த்த மாதிரி தோன்றும். பார்த்தது ஒரே வைத்தியரை, இரண்டு வாசல் வழியாக. இரண்டாவது கருத்து வேண்டுமானால் வேவுக்குத்தான் போக வேண்டும். அதன் இயந்திரம் வேறு. பக்கத்தின் மேலேயே பிழைச் சின்னங்களை ஒட்டிக் காட்டுவதால் பார்வையுள்ள சக பணியாளர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. இணையத்தில் முகவரி கொடுத்து ஓட்டும் வடிவத்தைவிட உலாவி நீட்டிப்பாகப் போட்டுக்கொள்வது நல்லது. உள்நுழைவுக்கு அப்பால் இருக்கும் பக்கங்களையும் சோதிக்கலாம்.

அப்புறம், இருக்கும் குறைகளில் கருவி எத்தனை சதவீதத்தைப் பிடிக்கும் என்ற பழைய சண்டை. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2017ல் வேண்டுமென்றே 142 தடைகளை வைத்து ஒரு பக்கம் செய்து, பல கருவிகளை அதன்மேல் ஏவிப் பார்த்தது. முதலிடம் வந்த கருவி பிடித்தது சுமார் 40 சதவீதம். 29 சதவீதத் தடைகளை ஒரு கருவிகூடத் தொடவில்லை. 2021ல் டீக்யூ தன் வாடிக்கையாளர் தளங்களின் சோதனைகளை வைத்து ஒரு கணக்கு வெளியிட்டது: பிரச்சினைகளில் சுமார் 57 சதவீதம் தானாகவே பிடிபடுகிறது என்று. இரண்டும் பொய்யில்லை, எண்ணுகிற விதம்தான் வேறு. டீக்யூ எண்ணியது பிரச்சினைகளின் எண்ணிக்கையை. ஒரு பக்கத்தில் முப்பது இடத்தில் எழுத்து மங்கலாக இருந்தால் அது முப்பது. கீபோர்டில் நகர்ந்து ஒரு பகுதிக்குள் போய் வெளியே வர முடியாமல் சிக்கினால் அது ஒன்று. அந்த முப்பதோடு நான் எப்படியும் வேலையை முடித்துவிடுவேன். அந்த ஒன்றில் என் கதையே முடிந்துவிடும். சதவீதம் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச விதிமுறை டபிள்யூ.சி.ஏ.ஜி. அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. எல்லோரும் இலக்காக வைக்கும் இரட்டை ஏ நிலைக்கு அதில் 55 அளவுகோல்கள். அவற்றில் கருவி மட்டும் பார்த்து முழுசாக 'சரி' என்று சொல்லக்கூடியவை கைவிரல்களுக்குள் அடங்கும். மற்றவற்றில் அது 'தவறு' என்று சொல்ல முடிந்தாலும் 'சரி' என்று சொல்ல முடியாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நிரலில் திறந்த குறி மூடியிருக்கிறதா, அடையாளம் இரட்டிப்பாகியிருக்கிறதா என்று பார்க்கும் 4.1.1 என்ற அளவுகோல் இருந்தது. இயந்திரத்துக்கு அல்வா மாதிரி. இன்றைய உலாவிகளுக்கு அது தேவையில்லை என்று 2.2ல் அதைத் தூக்கியே விட்டார்கள்.

இப்போது ஒரு தளத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். பெயர் வேண்டாம், பயணச்சீட்டு விற்கும் தளம். ஆக்ஸில் மீறல் பூஜ்யம். லைட்ஹவுஸில் 100. புறப்படும் இடம், சேரும் இடம், தேதி எல்லாம் நன்றாகவே போயிற்று. லேபிள்கள் ஒழுங்காக இருந்தன, என்.வி.டி.ஏ. தெளிவாக வாசித்தது. இருக்கை தேர்ந்தெடுக்கும் பக்கம் வந்தது. டேப் அடித்தேன். 'இருக்கை, பொத்தான்' என்றது. இன்னொரு டேப். 'இருக்கை, பொத்தான்.' இன்னொன்று. 'இருக்கை, பொத்தான்.' வண்டி முழுக்க இப்படியே. எந்த எண், ஜன்னலோரமா, நடைவழியோரமா, காலியா, யாராவது எடுத்ததா, ஒன்றும் கிடையாது.

கருவி இங்கே கேட்ட கேள்வி 'பொத்தானுக்குப் பெயர் இருக்கிறதா?' என்பது. இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் இருப்பது அதன் கவலையில்லை. ஏற்கெனவே எடுக்கப்பட்ட இருக்கைகள் சாம்பல் நிறத்தில் இருந்தன என்று பிற்பாடு சக டெஸ்டர் ஒருவர் சொன்னார். நிறத்தை மட்டும் வைத்துத் தகவல் சொல்லக் கூடாது என்பது 1.4.1 அளவுகோல். ஆனால் அந்தச் சாம்பலுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று கருவிக்கு யார் சொல்வது? அதற்கு அது வெறும் நிறம். எழுத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு போதுமானது. தாண்டிப்போய்விட்டது.

விடவில்லை. குருட்டாம்போக்கில் ஒன்றை அழுத்தினேன். சத்தமே இல்லை. தேர்வாகியிருக்கிறதா என்று பொத்தானுக்குத் திரும்பிப் போனால் அதே 'இருக்கை, பொத்தான்'. திரையின் ஓரத்தில் கட்டணம் மாறியிருக்கும்; மாறியதை ஸ்கிரீன் ரீடருக்கு அறிவிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. 'தொடர்க' அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். பக்கத்தின் உச்சிக்குப் போய் வரி வரியாக இறங்கி வந்தபோதுதான் தெரிந்தது: மேலே 'இந்த இருக்கை கிடைக்காது' என்று ஒரு செய்தி உட்கார்ந்திருந்தது, நான் முதல் தடவை அழுத்தியதிலிருந்தே. படித்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டதென்று தளம் என்னை முகப்புக்கு அனுப்பிவிட்டது. நேரம் ஓடிக்கொண்டிருந்ததையும் அது எனக்குச் சொல்லவில்லை.

சரிசெய்வது பெரிய வேலையுமில்லை. 'இருக்கை 14, ஜன்னலோரம், காலி' என்று பெயர் வைத்து, தேர்வானதைக் காட்டும் ஒரு ஆரியா பண்பை (ஸ்கிரீன் ரீடருக்காக நிரலில் எழுதும் குறிப்பு) சேர்த்து, பிழைச் செய்திக்குக் கீபோர்டின் கவனத்தைக் கொண்டுபோனால் தீர்ந்தது. இதை எழுதி அனுப்பினேன். வந்த பதிலில், தங்கள் தளம் அணுகல்தன்மையில் முழு மதிப்பெண் பெற்றது என்று சொல்லி, ஆதாரமாக ஸ்கோரின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருந்தார்கள். படமாக. ஆல்ட் இல்லாமல்.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. பக்கத்தின் மொழிக் குறியீடு முதலாவது. எங்கோ கிடைத்த ஒரு டெம்ப்ளேட்டை எடுத்துப் போடுவோம், அதில் மொழி ஆங்கிலம் என்று இருக்கும், உள்ளே முழுக்கத் தமிழ். கருவி பார்ப்பது மொழி குறிக்கப்பட்டிருக்கிறதா, அந்தக் குறியீடு செல்லுபடியாகுமா என்பதைத்தான். ஆங்கிலத்தின் குறியீடு செல்லுபடியாகும்தானே? பாஸ். ஸ்கிரீன் ரீடரோ அந்தக் குறியீட்டை நம்பி ஆங்கிலக் குரலை எடுத்துக்கொள்ளும். அப்புறம் குரலைப் பொறுத்து நடப்பது: ஒன்று தமிழ் எழுத்துகளை அப்படியே விழுங்கிவிட்டு நடுவில் வரும் எண்களை மட்டும் வாசிக்கும், இல்லையென்றால் என்னவோ மாதிரி உளறும். நடுவில் இரண்டு பத்தி ஆங்கிலம் வரும் தமிழ்ப் பக்கத்திலும் இதே கதைதான், அந்தப் பத்திகளுக்குத் தனியாக மொழி குறிக்காவிட்டால்.

இன்னொன்று பழைய எழுத்துருக்கள். பாமினி போன்ற எழுத்துருவில் உள்ளிட்டு வைத்த பக்கங்களும் கோப்புகளும் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. பார்க்கிறவர்களுக்கு அழகான தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்று திரையில் தெரியும் இடத்தில் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். என்.வி.டி.ஏ. எனக்கு அதைத்தான் வாசிக்கும். தானியங்கிக் கருவிக்கு இதில் குற்றம் சொல்ல எதுவுமே இல்லை: எழுத்து இருக்கிறது, தலைப்புகள் வரிசையாக இருக்கின்றன, நிற வேறுபாடு பிரமாதம். மொழிக் குறியீட்டில் தமிழ் என்று சரியாகவே போட்டிருந்தாலும் நிலைமை மாறாது. ஒரு சொல்கூட என்னை வந்து சேராத பக்கத்துக்கு மாசில்லாத ரிப்போர்ட் வாங்கிவிடலாம். தமிழில் இப்படி ஒரு பழைய சரக்கு இருப்பது இந்த விதிகளை எழுதியவர்கள் எவர் நினைவிலும் இருந்திருக்காது.

இன்னொரு குறை, கருவி பார்ப்பது அந்த நொடியில் திறந்திருக்கும் பக்கத்தை மட்டும் என்பது. மூடியிருக்கும் மெனு, இன்னும் எழும்பாத பாப்-அப், நாலாவது படியில் வரும் கட்டணப் படிவம், எதையும் அது பார்க்காது, நாமாகத் திறந்துவைத்து மறுபடி ஓட்டினாலொழிய. முகப்புப் பக்கத்தை ஓட்டிவிட்டுத் தளம் முழுக்கச் சோதித்ததாக எழுதும் ரிப்போர்ட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முகப்பில் யாரும் எதையும் வாங்குவதில்லை. நான் திணறுவதெல்லாம் வண்டிக்கூடையிலிருந்து பணம் கட்டும் இடம்வரைதான்.

திறந்து வைத்து ஓட்டினாலும் கருவி எதையும் அழுத்திப் பார்க்காது. ஒரு சாதாரணப் பெட்டியை எடுத்து, அதற்குப் பொத்தான் என்று ஆரியாவில் பேர் சூட்டி, டேப் நிற்கும்படி செய்துவிட்டால் கருவி திருப்தியாகிவிடும். என்.வி.டி.ஏ.வும் 'பொத்தான்' என்றே சொல்லும். என்டர் அடித்தால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் டெவலப்பர் மௌஸ் க்ளிக்குக்கு மட்டும்தான் நிரல் எழுதியிருக்கிறார். பேர் சூட்டாமலேயே விட்டிருந்தால்கூட நான் அதை நம்பி நின்றிருக்க மாட்டேன். ஆரியா போட்ட முகப்புப் பக்கங்களில் பிழைகள் சராசரியில் அதிகம் என்று வெப்எய்ம் அறிக்கைகள் காட்டுகின்றன; எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

கருவியின் வாயை அடைப்பதற்காகச் செய்யும் திருத்தங்கள் என்று ஒரு தனி ரகமே வளர்ந்திருக்கிறது. ஆல்ட் இல்லை என்றால் எல்லாப் படத்துக்கும் 'படம்' என்று போட்டுவிடுவது. அல்லது எல்லாவற்றையும் வெற்று ஆல்ட் ஆக்கிவிடுவது: வெற்று ஆல்ட் என்றால் அலங்காரப் படம் என்று அர்த்தம், கருவி மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும், விற்பனைக்கு வைத்த பொருளின் ஒரே புகைப்படமாக அது இருந்தாலும். ரிப்போர்ட் பச்சையாகிவிடும். ரிப்போர்ட் சிவப்பாக இருந்தபோதாவது படம் ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்தது.

வீடியோ வசனவரி, எளிய மொழி, ஞாபகத்தை அதிகம் சோதிக்காத படிவம் இதிலெல்லாம் கருவிகளிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். வசனவரிக் கோப்பு இணைந்திருக்கிறதா என்று பார்க்கும், அதில் எழுதியிருப்பது பேசியதுதானா என்று பார்க்காது.

ஆக்ஸை நான் மற்றவற்றுக்கு மேலே வைப்பதற்குக் காரணம், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் குணம். அதன் முடிவுகளில் மீறல், தேர்ச்சி, பொருந்தாதது என்ற மூன்றோடு 'மனிதர் பார்க்க வேண்டும்' என்று நாலாவது ஒரு வகையும் வரும். படத்தின் மேலோ நிறம் கலந்து மாறும் பின்னணியின் மேலோ எழுத்து இருந்தால், வேறுபாட்டை அளக்க முடியவில்லை என்று அங்கே போட்டுவிடும். பொய்யாகக் குற்றம் சாட்டக் கூடாது என்பதில் அதை எழுதியவர்கள் கண்டிப்பானவர்கள். சந்தேகம் வந்தால் மீறல் என்று சொல்லாமல் இந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் நிரல் வெளியிடும் முன் தானாக ஓடும் சோதனையாக ஆக்ஸை வைக்கும் அணிகள் பெரும்பாலும் என்ன செய்கின்றன? மீறல் பட்டியல் காலியா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பச்சை விளக்கு போட்டுவிடுகின்றன. நாலாவது பட்டியல் யார் கண்ணிலும் படாமல் பதிவேட்டில் தூங்குகிறது. ஒரு தளத்தில் முகப்புப் படத்தின் மேல் வெள்ளை எழுத்து, படமோ மேகம். கருவி முதல் நாளிலிருந்தே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது, கேட்க ஆளில்லை.

லைட்ஹவுஸ் விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் அந்தப் பெரிய வட்டமும் அதற்குள் இருக்கும் எண்ணும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு எடை உண்டு. தேறினால் முழுசாகக் கிடைக்கும், தவறினால் ஒன்றும் கிடைக்காது. பெயரில்லாத பொத்தான் இருபது இருந்து அதில் பத்தொன்பதைச் சரிசெய்தாலும் அந்தச் சோதனைக்குப் பூஜ்யம்தான். கையால் பார்க்க வேண்டியவை மதிப்பெண்ணில் சேரவே சேராது. அதனால் 100 என்றால் 'நான் பார்த்த விஷயங்களில் குறை இல்லை' என்று மட்டும்தான் பொருள். பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கி வளர்ந்த நமக்கோ 100 என்றால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. 2019ல் மனுவேல் மட்டுசோவிச் என்ற வெப் டெவலப்பர், கீபோர்டு வேலை செய்யாத, மௌஸ் குறி தெரியாத, ஸ்கிரீன் ரீடருக்கு எதுவும் எட்டாத ஒரு பக்கத்தை வேண்டுமென்றே கட்டி, அதற்கு லைட்ஹவுஸில் 100 வாங்கிக் காட்டினார். குறும்பாகச் செய்தது. அதே விளைவை எந்தக் குறும்பும் இல்லாமல் உழைத்துச் சாதிக்கும் தளங்களில்தான் என் மாலைப் பொழுதுகள் போகின்றன.

தொடக்கத்தில் சொன்ன அந்த 'ஒரே வரி நிரல்' விட்ஜெட்டுகளை, அதாவது மேலடுக்கு விட்ஜெட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. பக்கத்தின் மூலையில் ஒரு சின்ன ஆள் உருவம் மிதக்கும். அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கு, நிறத்தை மாற்று, ஸ்கிரீன் ரீடர் முறை என்று ஒரு பட்டியல். இதில் பாதி என் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது, என் வசதிக்கு ஏற்ப. மீதி பாதி என் ஸ்கிரீன் ரீடரோடு மல்லுக்கு நிற்கிறது. கருவி எந்தப் பிழையைப் பிடிக்க முடியாதோ அதை இந்த விட்ஜெட்டும் திருத்த முடியாது, ஏனென்றால் இரண்டுக்கும் தெரிந்தது ஒன்றுதான். இந்தத் துறையில் பெரிய பெயரான ஆக்செஸ்பி, தன் கருவி எந்தத் தளத்தையும் விதிமுறைக்கு ஏற்றதாக்கிவிடும் என்று விளம்பரம் செய்தது வாடிக்கையாளர்களை ஏமாற்றுவது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2025ல் அந்த விவகாரம் 10 லட்சம் டாலர் கட்டுவதில் முடிந்தது. யாராவது உங்களிடம் இப்படி ஒன்றை விற்க வந்தால் இந்தச் செய்தியைக் கேட்டிருக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

என் வேலை முறை இதுதான். முதலில் ஆக்ஸும் வேவும். அவை சொல்வதைத் திருத்தி முடிக்கும்வரை நான் தளத்தைத் தொட மாட்டேன் என்று அணியிடம் சொல்லிவிடுவேன். லேபிள் இல்லை, ஆல்ட் இல்லை என்று எழுத ஒரு மனிதனின் நேரத்தைச் செலவழிப்பதில் பொருளில்லை. அதன் பிறகு தளம் எதற்காக இருக்கிறதோ அந்த ஒரு காரியத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை செய்து பார்ப்பேன். டிக்கெட் தளமென்றால் டிக்கெட் கையில் வர வேண்டும். நடுவில் ஒரு தவறான தேதி போடுவேன், ஒரு பெட்டியைக் காலியாக விடுவேன், ஒரு தடவை திரும்பிப் போவேன். தளங்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். டெவலப்பரும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்பீக்கரில் 'இருக்கை, பொத்தான்' என்று ஏழெட்டு முறை கேட்டால் போதும், நான் விளக்கவே வேண்டியிருக்காது.

ஆக்ஸின் கட்டணப் பதிப்பை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அதில் வழிகாட்டும் சோதனை என்று ஒன்று வருகிறது: கருவி தனக்குத் தெரியாததை நம்மிடம் கேள்வியாகக் கேட்டு, பதிலை வைத்துப் பிழையைப் பதிவு செய்துகொள்ளும். இந்தப் பொத்தானின் பெயர் பொருத்தமா, இந்தத் தலைப்பு தலைப்புதானா என்கிற மாதிரி. விதிமுறை முழுக்கத் தெரியாத அணிக்கு நல்ல துணை, நான் பரிந்துரைக்கிறேன். எனக்கு அதில் பாதிதான் பயன்படும். 'இந்தப் படத்தின் விவரம் படத்துக்குப் பொருந்துகிறதா?' என்று அது என்னிடம் கேட்கும்போது பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவரும் கீபோர்டு கேள்வி வரும்போது என்னைக் கூப்பிடுகிறார். இரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் வாங்குங்கள்.